சிவப்பு வைனும் ஆட்டிறைச்சியும்

பெட்டியைத் திறந்து முதல் போத்தலை வெளியே எடுத்ததும் ஜெராட்டின் கை அப்படியே நின்றுவிட்டது. லேபலில் ஒரு குன்று கீறியிருந்தார்கள். குன்றின் மேலே கூரை இடிந்த ஒரு சிறு தேவாலயம், கீழே வரிசை வரிசையாகத் திராட்சைச் செடிகள். பார்க்கிறவர்களுக்கு அது அழகான படம். ஜெராட்டோ அந்தக் குன்றின் தென்சரிவில் ஐந்து அறுவடைக்காலம் முதுகு வளைத்து நின்றவன்.

போத்தலைத் திரும்ப உள்ளே வைத்துப் பெட்டியை மூடி, அதன் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த அந்த ஹோட்டலில் சாப்பாட்டு மண்டபம் அவன் பொறுப்பு. வயது முப்பத்தேழு. பிரான்சில் விசா இல்லாமல் ஒன்பது வருடம் இருந்து, பிடிபட்டு, விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டவன். வந்த புதிதில் ஒரு வேலையும் அகப்படாமல் திரிந்தவனுக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவள் மேனுகா. ஹோட்டல் சமையலறை அவள் கையில்தான் இருந்தது. ஆரையம்பதிக்காரி, பிரான்சில் அவனுக்குக் கூட்டாளியாக இருந்த நிலோஜனின் அக்கா.

நிலோஜன் செத்து ஆறு வருடமாகிறது. அவன் பரிஸில் ஒரு உணவகத்தில் வேலை செய்தான் என்றும், ஒரு திங்கட்கிழமை அறையில் மயங்கி விழுந்தான் என்றும், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வியாழன் விடியற்காலை அமைதியாகப் போய்ச் சேர்ந்தான் என்றும் அவன் வீட்டில் நம்பினார்கள். அந்த மூன்று நாளும் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் ஜெராட். கடைசியாக அவன் சொன்னது "அம்மா" என்ற சொல். எல்லாம் ஜெராட் தொலைபேசியில் சொல்லி, பிறகு ஊர் வந்து அந்த வீட்டு வாசலில் நின்றும் ஒருமுறை சொன்னவை. நிலோஜன் வேறு யாரோ ஒருவனின் பெயரில் உள்ள பத்திரங்களை வைத்து வேலை செய்ததால், அந்த வீட்டுக்கு உடலும் வரவில்லை, மரணச் சான்றிதழ் என்று ஒன்றும் வரவே இல்லை. ஜெராட்டின் வாய்தான் சான்றிதழ்.

அதில் உண்மை, நிலோஜன் செத்தான் என்பது மட்டும்தான்.

பரிஸ் கதையைத் தொடங்கிவைத்தவன் நிலோஜன்தான். அவனுடைய அம்மா கேதீஸ்வரி, புருசன் விட்டுப்போன வயலை, அந்த வட்டைக் காணியை விற்றுத்தான் அவனை அனுப்பினாள். "வயலை வித்து அனுப்பின அம்மாட்ட, நான் இங்க வெள்ளைக்காரன்ட வட்டைக்குள்ள கூலிக்கு நிக்கிறன் எண்டு எப்படிடா சொல்ற?" என்று ஜெராட்டிடம் கேட்பான். அவன் தொடங்கிய பொய்யை அவன் செத்த பிறகு முடித்துவைத்தவன் ஜெராட்.

வைனை இறக்குமதி செய்த கொழும்புக் கொம்பனியில் இருந்து ஒரு பெண் அடுத்த நாள் வந்தாள். பரிமாறுகிறவர்களையும் சமையலறை ஆட்களையும் மண்டபத்தில் இருத்தி, ஆளுக்கொரு கிளாஸில் இரண்டு மிடறு ஊற்றினாள். இது ஒரே பழத்தில் செய்ததல்ல, மூன்று வகைத் திராட்சைகளின் கலவை என்றாள். கிரெனாஷ் என்ற பழம் இனிப்பையும் சூட்டையும் கொடுக்கும். சிரா நிறத்தையும் மிளகு வாசத்தையும் கொடுக்கும். மூர்வேத்ர் என்பது கசப்பு, நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. அது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் நிற்காது.

"இது வளர்ற இடம் தெற்குப் பிரான்ஸ். நல்ல வெயில். தரையெல்லாம் உருண்டைக் கல்லு. பகல் வெயிலைக் கல்லு வாங்கி வைச்சு, இரவில செடிக்குக் குடுக்கும். வடக்கில இருந்து ஒரு குளிர்ந்த காத்து வரும். அங்க வேலை செய்றவங்களே பாட்டுப் பாடிக்கொண்டுதான் அறுவடை செய்வாங்களாம்" என்றாள்.

"அந்தக் காத்து குளிர்ந்த காத்து இல்ல மிஸ்" என்றான் ஜெராட். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. "மாசியில குளிரும். அறுவடை நேரம் அடிச்சா தொண்டை காஞ்சிரும். மூண்டு நாள் அடிக்கும், இல்லாட்டி ஆறு நாள். மூர்வேத்ர்தான் கடைசியாப் பழுக்கும். அதை வெட்டேக்க குலை முழங்காலுக்குக் கீழதான் தொங்கும். குனிஞ்சபடியே வெட்டவேணும்."

மேனேஜர் திவாகரன் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"நீ அங்க போயிருக்கியா?"

"வேலை செஞ்சிருக்கன் சேர். கொஞ்சக் காலம்."

"இந்த இடத்திலயா? இந்த வைன் செய்ற இடத்திலயா?"

ஜெராட் மேனுகாவைப் பார்க்காமல், "பக்கத்தில" என்றான்.

திவாகரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியான விருந்துக்குக் கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். வைனைப் பற்றிப் பேச அந்தப் பெண் போதும் என்றுதான் இருந்தார். இப்போது, அந்தப் பழத்தைத் தன் கையால் வெட்டிய மட்டக்களப்பான் ஒருவன் அவருடைய ஹோட்டலிலேயே இருக்கிறான். "நீதான் பேசுறாய். ரெண்டு நிமிசம். சோகமாக் கீகமா ஒண்டும் வேணாம், விளங்கிச்சா? வெயில், காத்து, பழம். அவ்வளவுதான்."

அன்று பின்னேரம் சமையலறையில் எந்தக் கறி வைனோடு சேரும் என்று பார்த்தார்கள். வாவி நண்டுக் கறியோடு பரிமாற வேண்டும் என்பது திவாகரனின் ஆசை. மேனுகா குடிக்கிறவள் இல்லை. நண்டுச் சதையைத் தின்றுவிட்டு, வைனில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இரும்பை நக்கின மாதிரிக் கிடக்கு தம்பி."

"ஓம் அக்கா. கடல் சாமானோட இது சேராது. அந்தத் துவர்ப்பு மீனைக் கெடுக்கும், மீன் அதைக் கெடுக்கும்."

"அப்ப இறைச்சிதான். அங்க என்னத்தோட தின்னுவாங்க?"

"செம்மறி ஆடு. எலும்போட, மெல்லிய நெருப்பில அரை நாள் வைப்பாங்க. கத்தரிக்காயைச் சுட்டு வைப்பாங்க. தூளொண்டும் இல்லை, அங்க மலையில நிக்கிற ஒரு செடியின்ட இலைதான்."

ஓட்டமாவடிப் பாறூக்கின் இறைச்சிக் கடையில் இருந்து ஆட்டின் முன்னங்கால் சப்பை வந்திருந்தது. மேனுகா முதலில் தன் வழக்கப்படி வைத்தாள். ஒரு துண்டு தின்று வைனையும் குடித்த ஜெராட்டுக்கு வாய் எரிந்தது. மிளகாய்க் காரம் வைனின் சூட்டோடு சேர்ந்தால் நெருப்பு. இரண்டாம் முறை மிளகாயைப் பாதிக்குக் குறைத்து, கொத்தமல்லியையும் மிளகையும் கறுக்க வறுத்துப் போட்டாள். பாலையும் நிறுத்தினாள், தேங்காய்ப்பால் வைனின் வாசத்தை மூடிவிடுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். சுட்ட கத்தரிக்காயில் புளி விடாமல் பூண்டு மட்டும் நசுக்கிச் சேர்த்தாள். தயிரைக் கிட்டவே எடுக்கவில்லை. மூன்றாவது தரம் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப பிடிச்சுக்கிட்டுது" என்றாள். "ரெண்டும் ஒண்டையொண்டு பிடிச்சுக்கிட்டுது."

பிறகு அகப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "நீ தோட்டத்திலயும் வேலை செஞ்சியா? சொன்னதே இல்லை. என்ட தம்பியும் நீயும் பரிஸிலதானே ஒண்டா இருந்தீங்க?"

"நான் மட்டும் போவன், அறுவடைக்கு. அவன் பரிஸில."

அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்கலாம். சமையலறையில் வேறு யாருமில்லை. ஆறு வருடத்தில் அப்படி எத்தனையோ இடம் வந்து போயிருந்தது. கேதீஸ்வரி தட்டில் சோறு போட்டு முன்னால் வைக்கும்போதெல்லாம் அவன் வாய் திறக்கப் பார்த்திருக்கிறான். அவள் "தின்னு மனே, நீதான் இப்ப எனக்கு அவன்" என்பாள். வாயைத் திறந்தவன் சோற்றைத்தான் வைப்பான்.

ஞாயிறு வந்தது. வெயில் வாவியில் தகரம்போல அடித்தது. சிவப்பு வைனைக் குளிர வைக்கக்கூடாது என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டுப் பரிமாறுகிறவர்கள் போத்தல்களை மேசையில் அடுக்கியிருந்தார்கள். மட்டக்களப்பு வெயிலில் அது கஷாயமாகிவிடும் என்று ஜெராட்டுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஐஸ் வாளியில் கால் மணி நேரம் வைத்தெடுத்தான். வந்தவர்கள் குடித்துத் தலையசைத்தார்கள். மேனுகா வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கறிச்சட்டிக்குப் பின்னால் நின்று தானே பரிமாறினாள்.

திவாகரன் கிளாஸைக் கரண்டியால் தட்டி, "எங்கட ஜெராட் உங்களோட பேசுவான்" என்றார்.

ஜெராட் பேசினான். முதலில் வெயில், காற்று, பழம். பிறகு முன் மேசையில் இருந்த ஒரு வயதான அம்மா, "தனியாவா மகன் அங்க இருந்தீங்க?" என்று அன்பாகக் கேட்டாள். அந்தக் கேள்வி அவனை இளக்கிவிட்டது.

"இல்ல. எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். ஊர்ப் பொடியன்தான். பக்கத்து வரிசையில வெட்டுவான். இடக்கைக்காரன். கத்தரிக்கோல் எல்லாம் வலக்கைக்குச் செஞ்சது, அவனுக்கு விரலெல்லாம் கொப்புளிச்சிரும். எண்டாலும் என்னைவிட அவன்தான் முதல் வரிசை முடிப்பான். ஒவ்வொரு வருசமும் முதல் வெட்டுற குலையில ஒரு பழத்தை எடுத்து நெத்தியில ஒத்திட்டுத்தான் வாயில போடுவான். அந்த வெள்ளைக்கார மேஸ்திரியும் பிறகு அவனைப் பார்த்து அப்படிச் செய்யத் தொடங்கிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெராட்டும் சிரித்தான். ஆறு வருடத்தில் முதல்முறையாக அவன் நிலோஜனை உயிரோடு வைத்துப் பேசினான். அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்றால், எங்கே நின்று பேசுகிறோம் என்பதையே மறந்துபோனான். கைதட்டல் ஓய்ந்து திரும்பியபோதுதான் கறிச்சட்டிக்குப் பின்னால் ஆள் இல்லாதது தெரிந்தது. அகப்பை சட்டிக்குள் கிடந்தது.

விருந்தாளிகள் போய், மேசை விரிப்புகளை எடுக்கும் நேரம் மேனுகா அவனைப் பின்பக்கம் கூப்பிட்டாள். பாத்திரம் கழுவும் இடத்துக்கு வெளியே, வாவியைப் பார்த்தபடி ஒரு சீமெந்துக் கட்டு இருந்தது. அவள் உட்காரவில்லை.

"எங்கட வீட்ட மாம்பழம், முந்திரிகைப்பழம், என்ன பழம் வந்தாலும் முதல் பழத்தை நெத்தியில ஒத்தித் தின்றது ஒரே ஒரு ஆள்தான். இடக்கைக்காரனும் அவன்தான்."

ஜெராட் கையில் இருந்த மேசை விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்தான்.

"அவன் பரிஸில இல்ல. அப்படித்தானே?"

"ஓம் அக்கா."

"எங்க செத்தான்?"

அவன் வாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அந்த லேபலில் இருக்கிற அதே குன்றில், ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு நாற்பத்தொரு பாகை வெயில். மத்தியானத்துக்குப் பிறகு வேலையை நிறுத்தியிருக்க வேண்டும், பழம் அதிகமாகப் பழுத்துவிடும் என்று மேஸ்திரி நிறுத்தவில்லை. இரண்டு மணிபோல நிலோஜன் வரிசைக்குள் முழங்காலில் இருந்தான். பிறகு சரிந்தான். ஜெராட் வரிசையைத் தாண்டிப்போய் அவனைத் தூக்கிப் பார்த்தான். வியர்வையே இல்லாமல் உடம்பு கொதித்தது. நிழலில் போடு, சரியாகிவிடும் என்றான் மேஸ்திரி. நிழல் என்று அங்கே ஒன்றும் இல்லை. வேறு நாட்டுக்காரி ஒருத்தி, கூட வேலை செய்தவள், தன் தொலைபேசியில் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். சைரன் சத்தம் கேட்டதும் பத்திரம் இல்லாதவர்கள் எல்லாரும் குன்றுக்குக் கீழே ஓடினார்கள். அம்புலன்ஸுக்குப் பின்னால் பொலிஸ் வரும்.

"நீயும் ஓடினியா?"

"ஓம்."

"அவனுக்கு நினைவு இருந்ததா?"

"கண்ணைத் திறந்திருந்தான்."

"என்ன கேட்டான்?"

"தண்ணி."

"குடுத்தியா?"

"ரெண்டு மிடறு குடுத்தன். அதுக்குள்ள சைரன் கேட்டுட்டுது. போத்தல் என்ட கையிலதான் இருந்தது அக்கா. அதைக் கையில வைச்சுக்கொண்டே ஓடிட்டன். கீழ ஓடைக்குள்ள போய்ப் படுத்த பிறகுதான் பார்த்தன், கையில போத்தல் கிடக்கு."

வாவியில் யாரோ வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சமையலறைக்குள் யாரோ தட்டு அடுக்கினார்கள்.

"அப்ப வியாழக்கிழமை?"

"அண்டைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. அந்தப் பொம்பிளை போன் எடுத்துச் சொன்னவ. அவன் திங்கட்கிழமையே, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே... மூண்டு நாள் பிந்தித்தான் தெரியும் எண்டு உங்களிட்ட எப்படிச் சொல்ற? அதுதான் பக்கத்தில இருந்தன் எண்டு சொன்னன்."

"அப்ப நாங்க ஆறு வருசமாப் பிழையான திதியில திவசம் குடுக்கிறம்."

இதை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. கத்தோலிக்க வீட்டில் பிறந்தவன். செத்தவனுக்குரிய நாளில் இல்லாமல் மூன்று நாள் தள்ளி வைத்த படையல் என்ன ஆகும் என்று கேட்க ஆள் இருக்கவில்லை.

"நான் அம்மாட்டச் சொல்றன் அக்கா. இண்டைக்கே வந்து சொல்றன். காலில விழுந்து சொல்றன்."

"சொல்லக்கூடாது" என்றாள் மேனுகா. சத்தம் உயரவில்லை. "சொன்னா அம்மா உன்னை மன்னிச்சிருவா. எனக்கு அவவைத் தெரியும். அழுதிட்டு, உனக்கும் சோத்தைப் போட்டுட்டு, பாவம் பொடியன் பயந்துட்டான் எண்டிருவா. அது எனக்கு வேணாம். நீ மன்னிப்பு வாங்கிட்டு நிம்மதியாத் திரியிறதைப் பார்க்க எனக்கு ஏலாது. நீ சொன்ன பொய்யை நீயே வைச்சுக்கொள். அவ கேக்கிற நேரமெல்லாம் சொல்லு."

"அப்ப நான் வேலையை விட்டுப் போறன்."

"போ. போனா ஏன் போனாய் எண்டு அம்மா கேப்பா. நீ அவக்கு மகன். என்ன சொல்லுவாய்?"

அவள் உள்ளே போனாள். மண்டபத்து மேசையில் இருந்து ஒரு வெறும் போத்தலை எடுத்து வந்து, சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தாள். லேபல் இளகியதும் கிழியாமல் உரித்து, தட்டுத் துடைக்கும் துணியின் மேல் விரித்துக் காயவிட்டாள். நிலோஜன் இருந்த ஊரின் பெயர் அச்சில் இருந்த கடதாசி அந்த வீட்டுக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை. காய்ந்த பிறகு மடித்துத் தன் அடையாள அட்டையோடு பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த விருந்து நல்ல பெயர் எடுத்தது. யாரோ படம் பிடித்துப் போட்டார்கள், பார்த்தவர்கள் கேட்டு வந்தார்கள். திவாகரன் அதை ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு என்று வைத்துவிட்டார். சாப்பாட்டு அட்டையில் ஆட்டிறைச்சிக்குக் கீழே இரண்டு வரி அச்சடித்தார்: அறுவடை செய்தவரே பரிமாறுகிறார் என்று. "அந்தக் கூட்டாளியின்ட கதையை விட்டுராத. அதுதான் ஆக்களுக்குப் பிடிச்சது" என்றார். முதல் மாதம் ஜெராட் காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தான். திவாகரன் அவன் வீட்டுக்கு வண்டி அனுப்பினார்.

அவன் சொன்னான். இடக்கை, கொப்புளம், நெற்றியில் ஒத்துகிற பழம். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று மூன்றாம் மாதம் பிடிபட்டது. மேனுகா கறிச்சட்டிக்குப் பின்னால் நின்று பரிமாறினாள். அவளுடைய கறி ஒருநாளும் பிசகவில்லை. மிளகாய் அதே அளவு, மிளகு அதே கறுப்பு. வேலை விஷயமாக மட்டும் அவனோடு பேசினாள். தம்பி என்பதை விட்டு, ஜெராட் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் அக்கா என்பதை விடவில்லை. அவள் அதற்குத் திரும்புவாள், பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

செப்டெம்பர் வந்தது. திதி வியாழக்கிழமை என்று கேதீஸ்வரி ஐயரிடம் கேட்டு வைத்திருந்தாள். அதற்கு மூன்று நாள் முன்னதாக, திங்கட்கிழமை, மேனுகா வேலைக்கு வரவில்லை. லீவுக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கவில்லை. அன்று காலை அவள் தனியாக வாவியில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டதை அந்த வழியாகத் தோணியில் போனவர் ஒருவர் கண்டார். பொம்பிளை ஏன் இதைச் செய்கிறாள் என்று அவர் ஹோட்டல் வாசலில் வைத்து வியந்து சொன்னபோது ஜெராட் பக்கத்தில்தான் நின்றான். தெரியாது என்றான்.

வியாழக்கிழமை போகாமல் இருக்க அவனால் முடியவில்லை. கேதீஸ்வரி முதல் நாளே இரண்டு தரம் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தாள். போனான். படையல் முடிந்து, இலை போட்டு, அவனைத்தான் முதல் இருத்தினாள். அயலில் இருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பூசணிக்காய்க் கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், எல்லாம் மகனுக்குப் பிடித்தவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் போட்டாள். பிறகு அவனுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டாள்.

"சொல்லு மனே. இவங்களுக்கும் ஒருக்காச் சொல்லு. கடைசி நேரம் என்ட பிள்ளை எப்படிக் கிடந்தான்?"

ஜெராட் தலையை நிமிர்த்தினான். மேனுகா பக்கத்து இலைக்குக் குனிந்து பருப்பு விட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "சொல்லுங்க ஜெராட், அம்மா கேக்கிறா" என்றாள்.

அவன் சொன்னான். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், ஜன்னலுக்கு வெளியே மழை, கையைப் பிடித்திருந்தது, விடியற்காலை, அம்மா என்ற கடைசிச் சொல். முன்பெல்லாம் தடுமாறித் தடுமாறிச் சொல்வான். இந்த முறை எந்த இடத்திலும் தடுக்கவில்லை. எங்கே மெதுவாக்க வேண்டும், எங்கே ஒரு கணம் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் நாக்குக்குத் தானாகவே தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் அவனை அந்த அளவுக்குப் பழக்கியிருந்தன. வந்திருந்தவர்கள் அழுதார்கள். கேதீஸ்வரி கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்து, அவன் இலையில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.